முன்னோரின் வழித்தடம்

காஞ்சிமாநகரில் வைகுந்தப்பெருமாள் கோயில் என்று மக்கள் வழங்கும் பரமேச்சுர விண்ணகரம் உள்ளது. கி.பி. எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் நந்திவர்ம பல்லவன் அதனை எடுப்பித்தான். அக்கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. பல்லவர் குலம் தோன்றியது முதல் நந்திவர்மன் முடிசூடி ஆண்டது வரையிலான வரலாறு அச்சிற்பங்களில் காட்டப்பெற்றிருக்கிறது. அம்மன்னன் காலத்துக் காசாக்குடிச் செப்பேடுகளும் பிரமன் முதலாகப் பல்லவரின் வழிமுறையை அடுக்கிக் கூறுகின்றன. தம் முன்னோர் இன்னார் என்பதை உலகம் மறவாதிருக்க வேண்டும் என்று அரசர்கள் விரும்பினர். அவ்விருப்பத்தை நிறைவேற்றக் கல்லும் செம்பும் சிற்பியும் புலவரும் அவர்கட்குக் கிடைத்தனர்.

குடிமக்கள் நிலை அத்தகையதன்று. காஞ்சியைச் சூழ முசரவாக்கம் முதலாகப் பல சிற்றூர்கள் இருக்கின்றன. அவ்வூர்களில் உள்ள இல்லம் ஒன்றிற் புகுந்து, அங்கு வளரும் சிறுவனை நோக்கி, “உன் பாட்டனார் பெயர் யாது?” என்று வினவினால் அவன் உடனே விடை கூறுவான். “பூட்டனார் பெயர் யாது?” என்று வினவினால் வீட்டிலுள்ள முதியோர் முகத்தை நோக்குவான். ஓட்டனார் பெயரைக் கேட்டால் முதியோரும் தயங்குவர். நூறாண்டு கடப்பதற்குள் ஒரு குடும்பத்தின் நினைவு இவ்வாறு மங்கிவிடுகின்றது. நிலமுடையோர்க்குப் பட்டாவும் பத்திரமுமேனும் எஞ்சும். கோயிலுக்குக் கொடை அளித்தோர்க்குக் கல்வெட்டு எஞ்சும். நிலமும் கொடையும் இல்லாத ஏழையர்க்கு எஞ்சுவது யாது?

இவ்வினாவிற்கு விடை காண்பதற்குத் துணையாகும் வாழ்க்கை ஒன்று இந்நாட்டிலேயே உள்ளது. அவ்வாழ்க்கைக்கு உரியவர் இரட்டைமலை சீனிவாசனார். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக உழைத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த முதியவர். அவருடைய குடியையும் வாழ்க்கையையும் தேடிச் செல்வோர், ஒரு முன்னோரின் வழித்தடத்தைக் கண்டறியும் முறையையும் உடன் கற்றுக்கொள்வர்.

ஊரும் பேரும்

மதுராந்தகத்தைச் சார்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் சீனிவாசனார் பிறந்தார். அவ்வூர் முன்னாளில் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலும், பின்னர்க் காஞ்சிபுர மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. 2019-ஆம் ஆண்டில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பின் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. முன்னோரைத் தேடுவோர் முதலில் அறிய வேண்டுவது இதுவே. ஊர் ஒன்றாகவே இருக்கும்; அது அடங்கிய மாவட்டத்தின் பெயர் காலந்தோறும் மாறும். பழைய ஆவணத்தைப் புதிய பெயரின்கீழ்த் தேடினால் அது கிடைப்பது அரிது.

அவர் பிறந்த நாள் ஜூலைத் திங்கள் 7 என்பதில் ஐயமில்லை. ஆண்டு மட்டும் சில நூல்களில் 1859 என்றும், வேறு சிலவற்றில் 1860 என்றும் காணப்படுகிறது. அக்காலத்தில் சிற்றூர்ச் சேரிகளிற் பிறந்த குழந்தைகட்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைப்பார் இல்லை. பஞ்சம் வந்த ஆண்டு, ஏரி உடைந்த ஆண்டு என இவற்றைக்கொண்டே ஏழையர் தம் மக்களின் வயதைக் கணக்கிட்டனர். ஆதலின் ஓராண்டு வேறுபாடு வியப்பிற்கு உரியதன்று. இரு நூல்கள் மாறுபடும்பொழுது, மாறுபாடு உள்ளது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுதலே நேர்மையான ஆராய்ச்சி முறையாகும்.

அவர் பெயரே ஓர் ஆவணம். ‘இரட்டைமலை’ என்பது பட்டப்பெயர் என்றும், இரண்டு மலைகளைப் போன்ற உறுதி உடையவர் என்று புகழ்ந்து பிறர் சூட்டியது என்றும் கருதுவோர் உளர். உண்மை அதுவன்று. அது அவர் தந்தையாரின் பெயர். தந்தையின் பெயரைத் தம் பெயர்க்கு முன் வைத்து வழங்குதல் தமிழ் மக்களின் மரபு. பலரும் தந்தையின் பெயரை ஓர் எழுத்தளவிற் சுருக்கித் தலைப்பெழுத்தாக்கிக்கொள்வர். சீனிவாசனார் அவ்வாறு சுருக்காமல் முழுமையாக வழங்கினார். அதனால், கல்வெட்டும் செப்பேடும் பெறாத ஓர் ஏழைத் தந்தையின் பெயர் மகனார் பெயரோடு சேர்ந்து இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

மறைத்து வாழ்ந்த இளமை

சீனிவாசனார் கோயமுத்தூரில் கல்வி பயின்றார். அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர் இருந்தனர். அவருள் பதின்மர் ஒழிய ஏனையோர் அந்தணச் சிறுவர். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த காலம் அது. தம் குலமும் இருப்பிடமும் உறவினர் இன்னார் என்பதும் உடன்பயில்வோர்க்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என்று அச்சிறுவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் வகுப்புக் கலைந்தவுடன், பிற மாணவர் தம்மை எட்டாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். ஏனைய சிறுவரோடு கூடி விளையாட இயலாமையை எண்ணி எண்ணி வருந்துவார். இவற்றையெல்லாம் முதுமையில் அவரே எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணுதற்குரியது. ஏழையர் குடும்பங்களின் வரலாறு மறைந்து போனதற்கு எழுத்தறிவின்மை ஒன்றே காரணம் என்று நாம் நினைக்கிறோம். அஞ்சி மறைத்தலும் மற்றொரு காரணமாகும். தன் தந்தை இன்னார், தன் ஊர் இன்னது, தன் தெரு இன்னது என்று வாய்விட்டுக் கூறினால் அவமதிப்பு நேரும் என்றால், அதனைக் கூறத் துணிபவர் சிலரே. ஒரு தலைமுறை அஞ்சி மறைத்தால், அடுத்த தலைமுறைக்கு அச்செய்தி கிட்டாது. அதற்கடுத்த தலைமுறைக்கு மறைத்த செய்தி ஒன்று உண்டு என்பதே தெரியாது போய்விடும். தீண்டாமை என்னும் கொடுமை மக்களின் சோற்றையும் நீரையும் மட்டும் பறிக்கவில்லை. அவர்தம் முன்னோரையும் பறித்தது.

சுற்றத்தார்

கல்வி முடிந்தபின் சீனிவாசனார் நீலகிரிக்குச் சென்று, ஐரோப்பியரின் வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றினார். அவர் மனைவியார் பெயர் அரங்கநாயகி அம்மையார். அந்நாளில் நீலகிரியில் வாழ்ந்த மற்றோர் அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் 1845-ஆம் ஆண்டில் பிறந்தவர். தமிழிலும் சித்த மருத்துவத்திலும் வல்லவர். அவரும் சீனிவாசனாரும் மைத்துன உறவினர்.

அயோத்திதாசர் குடும்பத்தைப் பற்றிய செய்தி ஒன்று தமிழ் மாணவர் அனைவரும் அறியத் தக்கது. அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர், ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற் பணி செய்தவர். அவர் தம் இல்லத்தில் இருந்த திருக்குறள் முதலிய ஓலைச்சுவடிகளைத் தம் தலைவர் வாயிலாக எல்லிஸ் துரைக்கு அளித்தார் என்று பேரனாராகிய பண்டிதர் எழுதிவைத்தார். 1812-ஆம் ஆண்டில் திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது. குறள் அச்சான வரலாற்றை எழுதுவோர் இன்று கந்தப்பன் பெயரையும் குறிப்பிடுகின்றனர். பேரனார் எழுதாதிருந்தால், ஏடு தந்த கையை எவரும் அறிந்திரார். குடும்பத்தில் வழங்கிய வாய்மொழிச் செய்தியை உரிய காலத்தில் ஒருவர் எழுதி வைத்ததன் பயன் இது.

பெயரைக் கொடியாக உயர்த்தியது

1890-ஆம் ஆண்டை ஒட்டிச் சீனிவாசனார் சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் என்பவர், தம் மாவட்டத்துத் தாழ்த்தப்பட்டோர் நிலையை நேரில் ஆராய்ந்து 1891-ஆம் ஆண்டில் அரசாங்கத்திற்கு அறிக்கை ஒன்று எழுதினார். சொந்தமாகக் காணி நிலமும் குடியிருக்கும் மனையும் இன்றி அவர்கள் வாழ்ந்த துயரம் அதில் எடுத்துரைக்கப்பெற்றது. அவ்வறிக்கையின் பயனாக 1892-ஆம் ஆண்டில் அரசாங்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படும் நிலங்கள் அவ்வாணையின் வழியே அம்மக்கட்கு ஒதுக்கப்பட்டவையே. கோழியாளம் போன்ற ஊர்களில் இருந்த வறுமை எத்தகையது என்பதை அறிய விரும்புவோர்க்கு அவ்வறிக்கை சிறந்த சான்றாகும். தனி மனிதரின் பெயர் கிடைக்காவிடினும், அவர் வாழ்ந்த காலமும் இடமும் எவ்வாறு இருந்தன என்பதை இத்தகைய ஆவணங்கள் காட்டும்.

சென்னையில் சீனிவாசனார் தம் மக்களுக்காக மகாசன சபையை அமைத்தார். 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பத்திரிகை ஒன்றும் தொடங்கினார். தொடக்கத்தில் அது நான்கு பக்கமுடைய திங்கள் இதழ், விலை இரண்டணா. அதற்கு அவர் சூட்டிய பெயர் ‘பறையன்’ என்பதாகும்.

அப்பெயரை அக்காலத்தில் பிறர் இழிமொழியாகவே வழங்கினர். அவர் மக்களுள்ளும் சிலர் அப்பெயரைக் கேட்டு நாணினர். எனினும் அவர் அதனையே பத்திரிகையின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். தன் பெயரைச் சொல்ல அஞ்சுபவன் தன் உரிமையைக் கேட்க இயலாது என்பது அவர் கருத்து. மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே ஒதுங்கியிருந்த சிறுவரா இதனைச் செய்தார் என்று வியக்கத் தோன்றும். அவ்விளமைத் துன்பத்தை மறவாதிருந்தமையாலேயே அவர் இதனைச் செய்தார் என்று கொள்வதே பொருத்தமாகும். இளமையில் எதனை மறைத்தாரோ அதனையே நடுவயதில் கொடியாக உயர்த்தினார்.

அவர் மைத்துனர் அயோத்திதாசர் வேறு வழியிற் சென்றார். அம்மக்கள் பண்டைக்காலத்தில் பௌத்தராக விளங்கிய தமிழர் என்பது பண்டிதரின் கொள்கை. ஆதலின் அவர் 1907-ஆம் ஆண்டில் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். ஒருவர் பிறர் இகழ்ந்த பெயரை ஏற்றுப் பெருமையாக்கினார். மற்றவர் அதனை நீக்கிப் பழம்பெயரை மீட்க முயன்றார். வழிகள் வேறாயினும் இருவரும் அடைய விரும்பியது ஒன்றே. ஒரே குடும்பத்தாருள்ளும் கொள்கை வேற்றுமை இருத்தல் இயல்பு. முன்னோரின் வரலாற்றை எழுதுவோர் அவ்வேற்றுமையை மறைத்தல் கூடாது.

கடல் கடந்த ஆண்டுகள்

‘பறையன்’ இதழ் ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் நடைபெற்றது. 1900-ஆம் ஆண்டில் சீனிவாசனார் இங்கிலாந்து செல்லக் கருதிக் கடற்பயணம் மேற்கொண்டார். தம் மக்களின் குறைகளை அங்குள்ளோரிடம் நேரில் எடுத்துரைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆயின் பயணம் இடையில் நின்றது. அவர் ஆப்பிரிக்காவில் தங்கினார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியடிகளும் அந்நாளில் அந்நாட்டில் வாழ்ந்தார். அடிகள் தமிழில் கையொப்பம் இடுவதற்குச் சீனிவாசனார் கற்பித்தார் என்பர்.

நேட்டாலில் தமிழர் மிகுதியாக வாழ்ந்தனர். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்றவர்கள் அவர்கள். ‘டுரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதுவே அந்நாட்டிற்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல். அதனைத் தொடர்ந்து 1911-ஆம் ஆண்டு வரை ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் நேட்டாலிற் குடியேறினர்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பெற்றது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை குறிக்கப்பெற்றன. கூலிகளைக் கணக்கிட்டு ஒப்படைப்பதற்காக எழுதிய ஏடு அது. அவர்களைப் பெருமைப்படுத்துவதற்காக எழுதியதன்று. ஆயினும் நூறாண்டிற்குப் பின் அதுவே அவர்தம் வழித்தோன்றல்கட்குக் குலநூல் ஆயிற்று. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர்கள் அப்பட்டியலில் சிதைந்து காணப்படும். எனினும் தென்னாப்பிரிக்காவில் வாழும் தமிழர் பலர், அப்பட்டியலில் உள்ள எண்ணைக்கொண்டு தம் பூட்டனார் பிறந்த ஊரைக் கண்டறிந்துள்ளனர். செங்கற்பட்டு, வடஆர்க்காடு ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்ப் பெயர்கள் அவ்வேடுகளில் மிகுதியாக உள்ளன.

இத்தகைய மக்களின் வழக்குகளிலேயே சீனிவாசனார் மொழிபெயர்ப்பாளராக நின்றார். தம் துயரைத் தம் மொழியில் மட்டுமே சொல்லத் தெரிந்த ஏழையர்க்கும், அம்மொழி அறியாத நீதிபதிக்கும் இடையே நின்று சொல்லைச் சொல்லாக மாற்றி அளித்தல் அவர் பணி. பிற்காலத்தில் சட்டசபையிலும் இலண்டன் மாநகரிலும் அவர் செய்ததும் அதுவேயாகும்.

தெருவும் கிணறும்

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்த பின் சீனிவாசனார் தாயகம் திரும்பினார். 1923-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமனம் பெற்றார். அப்பொழுது அவர்க்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வு கொள்ளும் பருவத்தில் அவருடைய பெரும்பணி தொடங்கியது.

அக்காலத்தில் ஊர்ப்பொதுத் தெருக்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது. பொதுக்கிணற்றில் நீர் முகக்கக் கூடாது. குளத்தில் இறங்கக் கூடாது. அரசாங்கப் பணத்தில் போட்ட சாலையும் அவர்கட்குப் பயன்படவில்லை. இக்கொடுமையைச் சீனிவாசனாரும், வீரையன் என்ற உறுப்பினரும் சட்டசபையில் எடுத்துரைத்தனர். 1924-ஆம் ஆண்டில் இதுபற்றிய தீர்மானம் நிறைவேறியது. எந்த ஊரிலாயினும் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எவ்வகுப்பினரும் நடந்து செல்லலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை ஏனையோரைப் போன்றே ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. அரசாங்கம் அதனை ஏற்று 1925-ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியிட்டது.

தீர்மானம் எழுதிய அளவில் எல்லாத் தெருக்களும் திறந்துவிடவில்லை. தடுத்தோர் தொடர்ந்து தடுத்தனர், அடிபட்டோர் பலர். ஆயினும் அதுவரை ‘வழக்கம்’ என்று கூறித் தடுத்தவர்கள், அதன்பின் அரசாணையை மீறியே தடுக்க வேண்டியவராயினர். தெருவில் நடக்க விரும்பிய ஏழையின் கையில் ஓர் எழுத்து இருந்தது. வாய்ச்சொல்லுக்கும் எழுத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இலண்டன் மாநகரில்

இந்தியாவின் அரசியல் அமைப்பைப் பற்றிக் கலந்து பேச இலண்டனில் வட்டமேசை மாநாடு கூடியது. 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற மாநாடுகளுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளராக இருவர் அழைக்கப்பெற்றனர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். அம்பேத்கர் அப்பொழுது நாற்பது வயதை எட்டும் நிலையில் இருந்தார். சீனிவாசனாரோ எழுபதைக் கடந்தவர். தம் மக்களுக்கு வேண்டிய பாதுகாப்புக்கள் இவை என்று விளக்கி இருவரும் கையொப்பமிட்டு அளித்த விண்ணப்பங்கள் மாநாட்டு நடவடிக்கைகளில் அச்சாகியுள்ளன. அங்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கண்டபொழுது, தீண்டாமை என்பது யாது என்று மன்னர் வினவ, தெருவில் விழுந்து கிடப்பவன் தீண்டப்படாதவனாயின் அவனைத் தூக்கிவிடவும் எவரும் முன்வாரார் என்று சீனிவாசனார் விளக்கினார் என்பர்.

1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் புனாவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்குவதாக அதில் முடிவாயிற்று. அவற்றுள் 30 இடங்கள் சென்னை மாகாணத்திற்கு உரியவை. அவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிட்டோருள் சீனிவாசனாரும் ஒருவர். கோழியாளத்து இரட்டைமலையின் பெயர் இவ்வாறு நாட்டின் அரசியல் ஆவணத்திலும் இடம் பெற்றது.

அரசாங்கம் அவர்க்கு 1926-ஆம் ஆண்டில் ராவ்சாகிப் என்றும், 1930-ஆம் ஆண்டில் ராவ்பகதூர் என்றும், 1936-ஆம் ஆண்டில் திவான்பகதூர் என்றும் பட்டங்கள் அளித்தது.

தம் வரலாற்றைத் தாமே எழுதியது

1939-ஆம் ஆண்டில், எண்பது வயதளவில், அவர் ‘ஜீவிய சரித்திரச் சுருக்கம்’ என்னும் பெயரால் தம் வாழ்க்கையைச் சுருக்கி எழுதி வெளியிட்டார். அது சிறிய நூலே. ஆயினும் அவர் வாழ்க்கையைத் தேடுவோர்க்கு அதனினும் பெரிய துணை பிறிதில்லை. கோயமுத்தூர்ப் பள்ளியில் அஞ்சி ஒதுங்கிய செய்தியை அவர் எழுதியது அந்நூலிலேயே. பட்டங்கள் பல பெற்ற ஒருவர், தாம் நாணி ஒளிந்த நாட்களை மறைத்துப் பெருமைகளை மட்டும் எழுதியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தம் குலம் இன்னது என்பதையும் தம் அச்சம் இத்தகையது என்பதையும் திறந்து எழுதினார். அவ்வச்சத்தை அவர் எழுதியிராவிடில், அவர் பெற்ற வெற்றியின் அளவை இன்று எவரும் அறிய இயலாது.

1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் சீனிவாசனார் மறைந்தார். அதற்கு நான்காண்டுகளுக்குச் சற்று மேலாகக் கழித்து, 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் பதினேழாம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பதினைந்தாம் பிரிவு, கிணறு, குளம், சாலை முதலியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி காரணமாக எவர்க்கும் தடை இருத்தலாகாது என்று விதித்தது. சென்னைச் சட்டசபையில் 1924-ஆம் ஆண்டில் ஒலித்த கோரிக்கை, நாடு முழுமைக்கும் உரிய சட்டமாக ஆயிற்று. அதனைக் காணும் பேறு அம்முதியவர்க்கு வாய்க்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவர்க்கு நினைவு மண்டபம் அமைந்துள்ளது.

மாணவர் செய்யத்தக்கது

சீனிவாசனார் வாழ்க்கையை மூவகைச் சான்றுகளின் துணையால் அறிந்தோம். ஊர், பெயர், உறவு ஆகியவற்றைப் பற்றிய குடும்பச் செய்தி ஒன்று. அவர் தாமே எழுதியவை மற்றொன்று. சட்டசபை, மாநாடு, அரசிதழ் முதலியவற்றின் ஆவணங்கள் வேறொன்று. மூன்றும் ஒத்துவரும் இடத்தில் உண்மை உறுதியாகிறது. மாறுபடும் இடத்தில் ஆராய்ச்சி தொடங்குகிறது.

ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தின் வரலாற்றை இம்முறையில் தேடலாம். வீட்டிலுள்ள பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் அமர்ந்து, அவர்தம் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், இடம் பெயர்ந்த காரணம் ஆகியவற்றைக் கேட்டல் வேண்டும். ஆடவர் பெயரோடு நில்லாமல் மகளிர் பெயரையும் கேட்டு எழுதுதல் வேண்டும். குடும்ப வரலாறுகளில் முதலில் மறைவன அவர்தம் பெயர்களே. பழைய பள்ளிச் சான்றிதழ், நிலப்பத்திரம், கூட்டுறவுச் சங்கத்தின் பற்றுவரவுப் புத்தகம், கடிதம், புகைப்படத்தின் பின்புறத்து எழுத்து ஆகிய எதனையும் பயனற்றது என்று எறிந்துவிடலாகாது. கேட்டதைக் கேட்ட நாளோடு குறித்தல் நன்று. உறுதியானது இது, கேள்விச் செய்தி இது என்று பிரித்தெழுதுதல் அதனினும் நன்று.

முன்னோர் அனைவரும் அரசரும் வள்ளல்களுமாக இருந்திருப்பர் என்று எதிர்பார்த்தல் தவறு. பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர், தறியில் அமர்ந்தவர், கடன்பட்டவர், பஞ்சத்தில் ஊர்விட்டு ஊர் சென்றவர். அதனை எழுத நாணுதல் வேண்டா. இல்லாத பெருமையைப் புனைந்து எழுதினால், வாழ்ந்த மனிதர் மறைந்து, வாழாத ஒருவரே ஏட்டில் எஞ்சுவார். தம் குலத்தைக் காட்டிப் பிறரை இகழ்வதற்காக முன்னோரைத் தேடுதலும் தகாது. அத்தகைய இகழ்ச்சியே ஒரு சிறுவரைப் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்தியது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

குடும்பம் என்பது குருதித் தொடர்பு ஒன்றால் மட்டும் ஆவதன்று. ஒருவர் பெற்றுத் தந்த உரிமையை நுகர்வோரும் அவர் வழியினரே. மதுராந்தகம் பகுதியிலும், காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களிலும், தமிழகம் எங்கணும் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பொதுத்தெரு வழியே சிறுவரும் சிறுமியரும் பள்ளி செல்கின்றனர். இன்னார் குழந்தை இத்தெருவில் நடக்கலாகாது என்று அவர்களை எவரேனும் தடுப்பாராயின் அது சட்டப்படி குற்றம். அக்குழந்தைகள் மணி அடிப்பதற்கு முன்னரே வகுப்பினுட் சென்று அமரலாம். தந்தை பெயரைக் கேட்டால் உரத்த குரலிற் கூறலாம்.